சைக்கிளில் ஒரு ஸஃபர்: புறப்படுமுன் பேசி முடிக்க வேண்டியவை

பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றுசேர்ந்து, சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று, இரவில் கூடாரம் அடித்துத் தங்கி, ஒரு வாரம் கழித்து வீடு திரும்ப வேண்டும் என்னும் ஆசை நம் இளைஞர்கள் பலரிடம் காணப்படுகிறது. நல்ல ஆசைதான். உடலுக்கு உரம், ஊர்களையும் உறவுகளையும் அறிய வழி. பெற்றோர்கள் இதைக் கேட்ட மாத்திரத்தில் வேண்டாம் என்று தடுப்பதற்குப் பதிலாக, எப்படிப் போகப் போகிறீர்கள் என்று விசாரிப்பது மேல்.

விசாரித்தால் என்ன தெரிய வரும்? எந்தக் கூடாரம், எத்தனை டியூப், எந்தப் பை என்பதையெல்லாம் பிள்ளைகள் விரல்விட்டுச் சொல்வார்கள். நம்மில் தலைவர் யார், பின்தங்குகிறவரை யார் பார்ப்பது, செலவு எப்படி, தொழுகையைச் சுருக்குவதா நிறைவாகத் தொழுவதா, இரவல் வாங்கிய சைக்கிள் உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பயணத்தில் நட்பு முறிவதும் தொழுகை தவறுவதும் இவற்றால்தானே தவிர, டியூப் குறைந்ததால் அல்ல. ஆகவே மூட்டை கட்டுவதற்கு முன் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். பேச்சு காற்றில் போகாமலிருக்க ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம்: நாகப்பட்டினத்திலிருந்து முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி வழியாகக் காயல்பட்டினம் வரை. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய இந்தப் பாதை 350 முதல் 400 கிலோமீட்டர் வரை வரும். நாளொன்றுக்குச் சுமார் 60 கிலோமீட்டர் என்று வைத்து, ஜும்ஆ நாளுக்குக் குறைவான தூரம் ஒதுக்கினால், ஏழு நாள் பயணம்.

அமீர் எங்கே இருக்க வேண்டும்?

மூவர் பயணம் புறப்பட்டாலே அவர்களில் ஒருவரை அமீராக்கிக்கொள்ளட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மூவருக்கே இப்படியென்றால் பன்னிரண்டு பேருக்குச் சொல்லவும் வேண்டுமா? நம்மவர்கள் அமீரைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலும் எல்லாரிலும் வேகமாகச் சைக்கிள் மிதிப்பவரையே தேர்ந்தெடுத்து விடுகிறார்கள். அவரும் கொடி பிடிப்பவரைப் போல முன்னால் போய்விடுகிறார். பின்னால் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரிவதில்லை.

ஹள்ரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தியும் அதே அபூதாவூதில் இருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் கூட்டத்திற்குப் பின்னால் தங்கி வருவார்களாம். தளர்ந்தவரின் வாகனத்தை ஓட்டிவிடுவார்களாம். நடக்க முடியாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்களாம். அவர்களுக்காக துஆவும் செய்வார்களாம். ஒரு படையையே நடத்திச் சென்றவர்கள், ஒரு சமுதாயத்துக்கே தலைவரானவர்கள் நின்ற இடம் இது. சைக்கிள் பயணத்தில் அமீரின் இடம் கடைசி என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது எளிது. பாதை அறிந்த, நிதானமாக மிதிக்கக்கூடிய ஒருவர் முன்னால் செல்லட்டும். அமீர் கடைசியில் வரட்டும். பம்பும், பஞ்சர் சாமான்களும், மருந்துப் பெட்டியும் அமீரின் சைக்கிளில்தான் இருக்க வேண்டும். ஏனெனில் சைக்கிள் கெட்டு நிற்பவரை அவர்தாம் வந்தடைவார், முன்னால் போனவர் அல்ல. சாலை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்னவர் நின்று, அமீர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். அமீர் வந்ததும் தலைகளை எண்ண வேண்டும்.

இன்னொன்று. முன்னால் போனவர்கள் ஒரு டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் வருபவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "வந்துவிட்டார், புறப்படுவோம்" என்று எல்லாரும் எழுந்து விடுவார்கள். வலுவுள்ளவனுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வு தேவைப்பட்டவனுக்குக் கிடைக்கவில்லை. இப்படி மூன்று நாள் நடந்தால் நான்காம் நாள் அந்தப் பையன் பேருந்தில் ஏறி ஊருக்குத் திரும்பிவிடுவான். அல்லது சாலையோரத்தில் மயங்கி விழுவான். கடைசியில் வந்தவர் இறங்கி, தண்ணீர் குடித்து, அவராகவே "போகலாம்" என்று சொன்ன பிறகே புறப்பாடு என்பதை முதல் நாளே சட்டமாக்கிவிட வேண்டும்.

அவருடைய மூட்டையையும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பயணத்தில், வாகனம் கூடுதலாக வைத்திருப்பவர் இல்லாதவருக்கும், உணவு கூடுதலாக வைத்திருப்பவர் இல்லாதவருக்கும் கொடுக்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். மிஞ்சியதில் நமக்கு உரிமையே இல்லையோ என்று நாங்கள் எண்ணத் தொடங்கினோம் என்று அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கூடுதலான பலமும் மிஞ்சிய பொருள்தான்.

அமீருக்குக் கட்டுப்படுவது எதில்? எங்கே நிற்பது, எப்போது புறப்படுவது, எந்த வழி, எங்கே தங்குவது ஆகிய பயணக் காரியங்களில். அவர் மற்றவர்களைக் கலந்துகொண்டு முடிவு செய்யட்டும். முடிவு செய்தபின் தர்க்கம் வேண்டாம். நாற்பது கிலோமீட்டர் வெயிலில் வந்தபிறகு நடக்கும் தர்க்கத்தில் நியாயம் பிறப்பதில்லை.

எந்த மாதம், எவ்வளவு பயிற்சி?

இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். சித்திரை, வைகாசி வெயில் சொல்லத் தேவையில்லை. தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஜனவரியில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வீசும். நாகையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகில் தள்ளும் காற்று. காயல்பட்டினத்திலிருந்து வடக்கே வருகிறவர்களுக்கு எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் 60 கிலோமீட்டர் என்பது 90 கிலோமீட்டர் போலக் கனக்கும். எங்கே தொடங்குவது என்பதை ஊர் ஆசை தீர்மானிக்கக் கூடாது; காற்று தீர்மானிக்கட்டும்.

பயிற்சிக்கு ஐந்தாறு வாரம் வேண்டும். முதலில் 20 கிலோமீட்டர், பிறகு 30, பிறகு 40. கடைசி வாரத்துக்கு முன் ஒருமுறை, பயணத்திற்குக் கட்டும் அதே மூட்டையுடன் 30 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஓர் ஊருக்குப் போய், இரவு தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். சீட் உயரம் சரியில்லாததும், ஒருவருக்கு மூட்டுவலி வருவதும், கூடாரத்தின் ஒரு கம்பி வீட்டிலேயே தங்கிவிட்டதும் அன்று தெரிந்துவிடும். இந்த ஒத்திகைப் பயணத்தில் தொழுகையைச் சுருக்கக் கூடாது. போக 30, வர 30 என்று கூட்டினாலும் அது ஸஃபருடைய தூரமாகாது. தவிர, போகும் தூரத்தை மட்டும்தான் கணக்கிட வேண்டும், திரும்பும் தூரத்தைச் சேர்க்கக் கூடாது.

புறப்படுமுன் சைக்கிளை ஓவராயிலிங் செய்து, இரு சக்கரங்களுக்கும் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டைகளை மாற்றிவிடுவது நல்லது. சுமையைக் கேரியரின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கும் பைகளில் சமமாகப் பிரித்துக் கட்ட வேண்டும். மேலே குவித்துக் கட்டினால் வளைவில் சைக்கிள் சாயும். முதுகில் பை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் மிதிப்பது வீண் வேதனை. ராமநாதபுரம் மாவட்டத்தில் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேல மரங்கள் மண்டிக் கிடக்கும். அந்த முள் டயரைத் துளைத்து டியூப் வரை இறங்கும். ஆகவே தங்குமிடத்துக்குச் சாலையை விட்டு இறங்கும்போது சைக்கிளை உருட்டாமல் தூக்கிச் செல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு டியூப் அதிகமில்லை.

உணவும் தண்ணீரும் எடுத்துக்கொள்வதைத் தவக்குலுக்கு மாறானதாகச் சிலர் பேசுவார்கள். யமன் நாட்டார் சிலர் கட்டுச்சோறு இல்லாமல் ஹஜ்ஜுக்கு வந்து, "நாங்கள் இறைவனை நம்பியவர்கள்" என்று சொல்லிக்கொண்டு, மக்காவில் மக்களிடம் கையேந்தினார்கள். பயணத்துக்கு வேண்டியதைச் சித்தப்படுத்திக்கொள்ளுங்கள் என்னும் கருத்துள்ள திருவசனம் அதைக் குறித்தே இறங்கிற்று என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறுவதை புகாரியில் காணலாம். சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே கடைகள் நெருக்கமாக இல்லை. நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. ஆளுக்கு மூன்று லிட்டராவது நிரப்பிக்கொண்டு அந்தப் பகுதியில் நுழைய வேண்டும். வியர்வையில் உப்பு போய்க் கால் பிடித்துக்கொண்டால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுக்க வேண்டும்.

சுருக்குவதும் சேர்ப்பதும்

கடற்கரை ஊர்களில் நம்மவர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபிகள். நண்பர்கள் குழுவென்றால் இரண்டும் கலந்தே இருக்கும். தொழுகை நேரத்தில் பாயை விரித்துவிட்டு வாதாடுவதைவிட, வீட்டிலேயே தெரிந்துகொண்டு புறப்படலாம்.

ஷாஃபிஈ மத்ஹபில் ஸஃபருடைய தூரம் இரண்டு மர்ஹலா. இக்காலக் கணக்கில் சுமார் 82 கிலோமீட்டர். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைதூரம். நம் நாட்டு உலமாக்கள் அதை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்று கணித்திருக்கிறார்கள். "நாங்கள் ஒரு நாளைக்கு அறுபதுதானே போகிறோம், கஸ்ரு செய்யலாமா?" என்று கேட்பார்கள். செய்யலாம். ஒருநாள் தூரத்தைப் பார்ப்பதில்லை. புறப்படும்போது எண்ணிய ஊர் எவ்வளவு தூரம் என்பதையே பார்க்க வேண்டும். காயல்பட்டினம் என்று நிய்யத்து வைத்து நாகையின் எல்லையைக் கடந்துவிட்டால், பத்தாவது கிலோமீட்டரிலேயே அவர் முஸாபிர். ஆனால் போக்கிடம் தெரிந்திருக்க வேண்டும். சாலை போன போக்கில் போவோம் என்று திரிபவருக்குக் கஸ்ரு கிடையாது. ஊர்களை வெறுமனே பார்த்து வருவது மட்டுமே நோக்கமானால் அது போதுமான காரணமாகுமா என்றுகூட ஷாஃபிஈ நூல்களில் பேசப்பட்டிருக்கிறது. எனவே உறவினரைச் சந்திப்பது, ஆலிம்களைக் கண்டு வருவது போன்ற ஒரு காரியத்தையும் நிய்யத்தில் சேர்த்துக்கொள்வது பேணுதல்.

வழியில் ஓர் ஊரில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாட்கள் தங்க எண்ணினால் ஷாஃபிஈக்கு ஸஃபர் முறிந்துவிடும். ஹனஃபிக்கு அது பதினைந்து நாள். நம் பயணத்தில் இது எழப்போவதில்லை.

ஹனஃபிகளுக்கு முஸாபிர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்குவது வாஜிபு. ஷாஃபிஈகளுக்கு அனுமதி, மூன்று மர்ஹலா அளவு நீண்ட பயணத்தில் சுருக்குவதே சிறப்பு. ஆகவே நம் பாதையில் எல்லாரும் இரண்டாகவே தொழுதுவிட்டால் பிணக்கில்லை. ஷாஃபிஈகள் தக்பீரின்போதே கஸ்ருடைய நிய்யத்து வைக்க மறக்கக் கூடாது. உள்ளூர்ப் பள்ளியில் ஊர் இமாமின் பின்னால் தொழுதால், இரு சாராரும் நான்காக நிறைவு செய்ய வேண்டும்.

ஜம்வு செய்வதில்தான் கருத்து வேற்றுமை பெரிது. ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் முஸாபிருக்கு அனுமதியுண்டு. ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அது இல்லை. என் அபிப்பிராயம், நாளைச் சரியாக வகுத்துக்கொண்டால் இதில் பிரச்சினையே வராது என்பதுதான். ஜனவரி மத்தியில் இந்தக் கரையில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு உதித்து ஆறு மணியை ஒட்டி மறைகிறது. சுப்ஹு தொழுது, கூடாரத்தைப் பிரித்து, வெளிச்சம் வந்தபின் புறப்பட்டுப் பதினொரு மணி வரை மிதிக்கலாம். வெயில் நேரம் ஓய்வு; ளுஹரை ஜமாஅத்தாகத் தொழுது, சாப்பிட்டு, சற்று உறங்கி, இரண்டரைக்குப் புறப்பட்டால் நாலரைக்குத் தங்குமிடம் வந்துவிடும். ஷாஃபிஈகளின் அஸர் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். ஹனஃபிகளின் அஸர் அப்போதுதான் தொடங்கும். எல்லாரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழலாம். மஃரிபும் இஷாவும் தங்குமிடத்தில் அதனதன் நேரத்தில். ஜம்வை விடுவதே சிறப்பு என்று ஷாஃபிஈ இமாம்களே சொல்லியிருக்கிறார்கள். மழையில் மாட்டிக்கொண்டாலோ, சைக்கிள் உடைந்து நின்றாலோ அந்தச் சலுகை இருக்கவே இருக்கிறது. அப்போது முற்படுத்திச் சேர்ப்பவர் முதல் தொழுகையிலேயே அதற்கு நிய்யத்து வைத்து, இரண்டையும் இடைவெளியின்றித் தொழ வேண்டும். பிற்படுத்துபவர் முதல் தொழுகையின் நேரம் முடியுமுன் நிய்யத்து வைத்திருக்க வேண்டும்.

கிப்லாவில் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. சூரியன் மறையும் திசையைப் பார்த்துப் பாயை விரித்து விடுகிறார்கள். நாகையிலிருந்து காயல் வரை கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே 20 முதல் 24 டிகிரி வரை சாய்ந்திருக்கிறது. ஜனவரியிலோ சூரியன் நேர் மேற்கிலிருந்து தெற்கே 20 டிகிரிக்கு மேல் விலகி மறைகிறது. அஸ்தமனத்தை நோக்கி நின்றவர் கிப்லாவை விட்டு நாற்பது டிகிரிக்கு மேல் விலகி நிற்கிறார்! திசைகாட்டி கொண்டுபோக வேண்டும். கைப்பேசியிலுள்ள திசைகாட்டியானால் சைக்கிளை விட்டுப் பத்தடி தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். இரும்பு அருகிலிருந்தால் முள் பொய் சொல்லும்.

கையில் ஒட்டிய சொல்யூஷன்

சைக்கிள்காரர்களுக்கென்றே சில மஸாயில்கள் உண்டு. பஞ்சர் ஒட்டும்போது ரப்பர் சொல்யூஷன் விரலில் பட்டுக் காய்ந்துவிடும். அது தோலின்மேல் ஒரு படலம். தண்ணீரைத் தோலில் படவிடாது. உரித்தெடுக்காமல் செய்யும் வுளூ நிறைவேறாது. செயின் கிரீஸும் திட்டாகப் படிந்திருந்தால் அப்படியே. தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டால் போய்விடும். படலம் போய் வெறும் கறுப்பு நிறம் தங்கினால் குற்றமில்லை. தொழுகை நேரம் நெருங்கும்போது பஞ்சர் ஒட்ட உட்காருகிறவர் இதை நினைவில் வைக்கட்டும். ஒரு பழைய கையுறை போதும்.

விழுந்து முழங்கால் சிராய்த்து இரத்தம் வழிந்தால், ஹனஃபிகளுக்கு வுளூ முறியும்; ஷாஃபிஈகளுக்கு முறியாது, ஆனால் இரத்தத்தைக் கழுவ வேண்டும். இமாமாக நிற்பவருக்கு இது நேர்ந்தால், எந்த மத்ஹபினராயினும் மறுபடி வுளூச் செய்துகொண்டு நிற்பது பின்னால் நிற்பவர்களின் மனத்துக்கு நிம்மதி.

தண்ணீர் குடிக்க மட்டும் போதுமானதாக இருந்தால் அதை வுளூவில் செலவிட வேண்டியதில்லை, தயம்மும் செய்யலாம். ஷாஃபிஈகளுக்குத் தூசி படியும் மண் வேண்டும். அலை கழுவிய வெறும் கடல் மணல் போதாது. ஒரு தயம்மும் ஒரு பர்ளுக்கே ஆகும். ஆனால் இந்தப் பாதையில் பெரும்பாலும் கடல் எட்டும் தூரத்தில் இருக்கிறது! கடல்நீரைப் பற்றித் தோழர்கள் கேட்டபோது அது தூய்மையாக்கும் நீரே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்துவிட்டார்கள். பாட்டில் தண்ணீர் குடிப்பதற்கு, கடல் தண்ணீர் வுளூவுக்கு என்று பிரித்துக்கொண்டால் தயம்முமுக்கே தேவை அரிது.

உடை விஷயம். சைக்கிளுக்கென விற்கும் இறுக்கமான அரைக்கால் சட்டை முழங்காலை மறைப்பதில்லை. கணுக்கால் வரையுள்ள தளர்ந்த கால்சட்டை அணிந்து, செயின் பக்கத்துக் காலை மட்டும் ஒரு பட்டையால் கட்டிக்கொள்ளலாம். சட்டை நீளமாக இருக்கட்டும். ஹேண்டில்பாரில் குனியும்போது மேலேறும் சட்டை ருகூவிலும் ஸுஜூதிலும் மேலேறத்தான் செய்யும். இடுப்பின் பின்புறம் திறந்தால் தொழுகை கெடும். தலைக்கவசம் கட்டாயம் அணியட்டும், ஸுஜூதுக்குக் கழற்றட்டும்.

மணி அடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். மணி கட்டிய கூட்டத்துடன் மலக்குகள் வருவதில்லை என்னும் ஹதீது, ஓயாமல் ஒலிக்கும்படி பிராணிகளின் கழுத்தில் கட்டுவதைப் பற்றியது. எதிரே வரும் கிழவரை எச்சரிக்க ஒருமுறை தட்டும் மணிக்கு அதைப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேரியரில் பாட்டுப் பெட்டியைக் கட்டி ஊரையே அதிரவைப்பவர் வேண்டுமானால் அந்த ஹதீதைக் குறித்துக் கவலைப்படட்டும். லாரி பின்னால் வருவதுகூட அவர் காதில் விழாது.

இறங்கும் இடம்

இரவில் இறங்கும்போது வழிப்பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது பிராணிகள் வரும் வழி, இரவில் விஷ ஜந்துக்கள் ஒதுங்கும் இடம் என்னும் கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீது இருக்கிறது. இன்றைய சாலையில் லாரியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னை மரத்தடியும் வேண்டாம். தேங்காய் விழும் நேரம் தெரியாது. ஓடை, கண்மாய்ப் படுகையும் வேண்டாம். தோழர்கள் இறங்கிய இடத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போவதை நாயகம் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். அதன்பின் ஒரே துணியால் எல்லாரையும் மூடிவிடலாம் போல அவ்வளவு நெருங்கித் தங்கினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. நான்கு கூடாரங்களும் ஒரே இடத்தில், வாசல்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கட்டும். உறங்குமுன் அடுப்பையும் நெருப்பையும் அணைத்துவிட வேண்டும்.

இடம் யாருடையதோ அவரிடம் அனுமதி கேட்காமல் முளை அடிக்கக் கூடாது. கடற்கரையானால் ஊர்ப் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிவிட வேண்டும். நிழலிலும், நடைபாதையிலும், நீர்நிலை ஓரத்திலும் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரியதென ஹதீதில் வந்திருக்கிறது. ஒரு சிறு மண்வெட்டி கொண்டுபோய்க் குழி தோண்டி மூடிவிட வேண்டும். வெட்ட வெளியில் கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ உட்காருவதும் கூடாது.

பள்ளிவாசலில் தங்க இடம் கொடுத்தால் நன்றியோடு தங்கலாம். இங்கேதான் நம் பிள்ளைகள் கவனக்குறைவாக இருக்கிறார்கள். ஹவுளிலும் குழாயிலும் உள்ள தண்ணீர் வுளூவுக்கென்று வஃக்பு செய்யப்பட்டிருந்தால், அதில் சைக்கிளைக் கழுவுவதும் துணி துவைப்பதும் கூடாது. மின்சாரமும் பள்ளியின் சொத்து. பன்னிரண்டு கைப்பேசிகளையும் விளக்குகளையும் வரிசையாகச் செருகிவிட்டு, புறப்படும்போது உண்டியலில் பத்து ரூபாய் போட்டுவிட்டால் சரியாகிவிடாது. முத்தவல்லியிடம் முதலில் கேட்க வேண்டும். எது ஆகும், எது ஆகாது என்று அவர் சொல்வார்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் இரவின் கடைசியில் இறங்கியபோது, சுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. விழித்திருந்து தொழுதுகொண்டிருந்த அவர்கள், வைகறை நெருங்கும் நேரத்தில் தம் வாகனத்தில் சாய்ந்தார்கள், கண் அயர்ந்தார்கள். சூரிய வெப்பம்தான் அனைவரையும் எழுப்பியது. பிறகு அவ்விடத்தை விட்டு நகர்ந்து சென்று ஜமாஅத்தாகத் தொழுதார்கள். பிலால் (ரலி) அவர்களுக்கே களைப்பு மேலிட்டதென்றால், நாள் முழுதும் மிதித்த நம் பிள்ளைகளை ஒரு கைப்பேசி எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இரவு ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டும். எழுப்பும் பொறுப்பு ஒவ்வோர் இரவும் வெவ்வேறு கூடாரங்களைச் சேர்ந்த இருவருக்கு. பாங்கு சொல்லியே எழுப்பட்டும். வெட்டவெளியில் பாங்கின் ஒலி எட்டும் தூரம்வரை உள்ளவை எல்லாம் மறுமையில் சாட்சி சொல்லும்.

பணமும் இரவலும்

உணவு குறைந்தபோது தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே அளவையால் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் அஷ்அரீ குலத்தாரை நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டி, தம்மவர் என்றே சொன்னார்கள். பயணத்தில் பொதுப்பணம் போடுவதற்கு இது அழகிய முன்மாதிரி. எல்லாரும் சமமாகக் கொடுத்து, ஒருவர் கையில் வைத்து, அன்றாடம் எழுதிவர வேண்டும். ஒருவர் இரண்டு பரோட்டா, ஒருவர் நான்கு என்று பார்க்க வேண்டியதில்லை. அந்த மனப்பொருத்தத்தோடுதான் கொடுக்கிறோம் என்று முதலிலேயே வாயால் சொல்லிவிட வேண்டும். பருவமடையாத பிள்ளைகள் வந்தால் அவர்களுடைய தந்தையின் சம்மதம் வேண்டும். தொகையைக் குழுவில் வசதி குறைந்தவரைப் பார்த்து நிர்ணயிக்க வேண்டும். அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும், சபையில் அல்ல.

இரவல் சைக்கிள் விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இரவல் வாங்கியவர், தம் கவனக்குறைவு இல்லாமலே பொருள் திருடுபோனாலும் உடைந்தாலும் ஈடு கொடுக்க வேண்டும். அனுமதித்த உபயோகத்தில் டயர் தேய்வது போன்ற தேய்மானத்துக்கு மட்டும் ஈடில்லை. ஹனஃபி மத்ஹபில் அது அமானிதம். கவனக்குறைவோ வரம்பு மீறலோ இருந்தால்தான் ஈடு. ஆனால் கடைத்தெருவுக்குப் போக என்று கேட்டு வாங்கிய சைக்கிளைக் காயல்பட்டினம் வரை ஓட்டுவது இரு மத்ஹபிலும் வரம்பு மீறல்தான். எத்தனை நாள், எந்த வழி, எவ்வளவு சுமை என்பதைச் சொல்லி வாங்க வேண்டும்.

வீட்டில் மனைவி மக்களுக்குத் திரும்பும்வரை செலவுக்குக் கொடுத்திருக்கிறோமா, தவணை வந்த கடன் இருக்கிறதா, தாய் தந்தை மனமுவந்து சம்மதித்தார்களா என்பதும் இதே பட்டியலில் சேரும். தாய் அழுதுகொண்டே அனுப்புகிற பயணம் பயணமல்ல.

எந்தக் கிழமை புறப்படுவது? நாயகம் (ஸல்) அவர்கள் வியாழக்கிழமை புறப்படுவதை விரும்பினார்கள் என்று புகாரியில் வருகிறது. வெள்ளிக்கிழமை சுப்ஹு நேரம் வந்தபின் ஜும்ஆ கடமையானவர் ஊரை விட்டுப் புறப்படுவது, வழியில் ஜும்ஆ கிடைக்காதென்றால் ஷாஃபிஈ மத்ஹபில் ஹராம். ஹனஃபிகளுக்கு நண்பகல் சாய்ந்தபின் தொழாமல் புறப்படுவது வெறுக்கத்தக்கது. வியாழன் புறப்பட்டால் இரண்டாம் நாள் முஸாபிர்கள்; ஜும்ஆ கடமையில்லை. ஆனாலும் நம் பாதையில் அன்று முத்துப்பேட்டையோ அதிராம்பட்டினமோ பக்கத்தில் வரும். பதினொரு மணிக்குள் ஊருக்குள் சென்று, குளித்து, உடை மாற்றி ஜும்ஆவில் கலந்துகொள்ளலாம். சைக்கிளில் ஏறியதும் ஓதும் துஆ ஸூரத்துஸ் ஸுக்ருஃபின் 13, 14-ஆம் வசனங்களில் இருக்கிறது. இந்த வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்குத் தானாக இருக்கவில்லை என்பது அதன் கருத்து. முள் குத்திய இடத்தில் இது நன்றாக விளங்கும்.

திரும்பும் நாளையும் நேரத்தையும் வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஊர் வந்ததும் முதலில் பள்ளியில் இரண்டு ரக்அத்து. அங்கேயே உட்கார்ந்து பொதுப்பணத்தின் கணக்கை வாசித்து, மிஞ்சியதைப் பன்னிரண்டாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஏதேனும் தருமத்துக்குக் கொடுப்பதானால் பன்னிரண்டு பேரும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். ஒரு வாரம் கடற்காற்றில் ஓடிய செயினில் உப்புப் படிந்திருக்கும். இரவல் வாங்கியவர் அதை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுநாளே உரியவரின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தட்டும்.